மணிக்கூண்டின் நாலாவது முகம்

படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு பெரியவரின் அறைக்கு, கண் கூசக்கூடாது என்று அவர் மகன் கனமான திரைச்சீலை கேட்டிருந்தார். அளவெடுத்துப் போனவரே தைத்ததைக் கொண்டுவந்து மாட்டினார். மாட்டிவிட்டு உடனே கிளம்பவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு, தலையணை உயரத்துக்குத் தன் தலையைச் சாய்த்து, அங்கிருந்து ஜன்னலைப் பார்த்தார். கீழே பஸ் நிறுத்தம் தெரிந்தது. ஏறுகிற ஜனம், இறங்குகிற ஜனம், யாரையோ காத்து நிற்கிற ஜனம். பைக்குள்ளிருந்து மெல்லிய கயிறு இரண்டை எடுத்தார். திரையின் வளையத்தில் கோத்து, சுவரோரமாகக் கொண்டுவந்து, கட்டில் தலைமாட்டில் தொங்கவிட்டார். ஒன்றின் நுனியில் மட்டும் ஒரு மரப் பொத்தானை முடிந்தார்.

"பொத்தான் இருக்கிறத இழுத்தா தொறக்கும், இல்லாதத இழுத்தா மூடும். யாரையும் கூப்பிட வேணாம்," என்று பெரியவர் காதோடு சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்படி ஒரு கயிறு இருப்பது மகனுக்கே வெகுநாள் தெரியாது. மாட்டியவரும் வெளியே மூச்சு விடவில்லை. பின்னொரு நாள் அவருடைய சகலை ஒரு வேலையாக அந்த வீட்டுக்குப் போனபோது, பெரியவரே பொத்தானை இழுத்துக் காட்டிச் சிரித்தார். அப்படித்தான் இது நமக்குத் தெரியும்.

ஜன்னல்களுக்கு அளவெடுப்பதுதான் அந்த மனிதரின் தொழில். துணிக்கடை விலாசம் தரும். இவர் போய் அளவெடுத்து வருவார். வீட்டில் மனைவி மிஷினில் தைப்பார். இவரே கொண்டுபோய் மாட்டுவார். தெருவில் எல்லோரும் அவரை அளவுக்காரர் என்றே கூப்பிட்டார்கள். வீட்டுக்குள் நுழையும் முன் செருப்பைக் கழற்றிவிட்டு, "இந்த வீடு நல்லா இருக்கணும் கடவுளே" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வார். சொன்ன பிறகுதான் மணியை அழுத்துவார். டேப்பை எடுக்கும் முன் ஜன்னலைத் திறந்து கொஞ்ச நேரம் வெளியே பார்ப்பார். அவசரக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார்.

உடன்பிறந்த சகோதரிகள் இருவரில் அளவுக்காரர் கட்டியது அக்காளை. தங்கையைக் கட்டியவர் வேன் டிரைவர். ஒரு பெரிய ஹோட்டலின் வேனில் வெளியூர் விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டுவது அவர் வேலை. கோட்டை, அருங்காட்சியகம், மணிக்கூண்டு, கடற்கரை, பெரிய பூங்கா, திரும்ப ஹோட்டல். போகிற பாதை மாறாது, பேசுகிற பேச்சும் மாறாது. "இடது பக்கம் பாருங்க, மணிக்கூண்டு. நாலு பக்கமும் நாலு முகம். நாலும் ஒரே நேரம் காட்டும், ஒரு நொடி பிசகாது." விருந்தாளிகள் இறங்கிப் படம் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள். இந்த ஊரைத் தன்னைப் போலப் பார்த்தவன் கிடையாது என்பது டிரைவரின் நினைப்பு. அதைச் சகலையிடமும் அடிக்கடி சொல்லிக் காட்டுவார். "நீங்க சந்து சந்தா மேய்றீங்க சகலை, நான் ஊரையே ஓட்டறேன்" என்பார்.

அப்பேர்ப்பட்டவருக்குக் கண்ணில் கோளாறு வந்தது. நேரே இருப்பது பளிச்சென்று தெரிந்தது. பக்கவாட்டில் வருவதுதான் தெரியவில்லை. மருத்துவர் சோதித்துப் பார்த்து, இருக்கிற பார்வையை மருந்தால் காப்பாற்றலாம், ஸ்டியரிங்கை மட்டும் இனி தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஹோட்டலில் மாலை போட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

டிரைவர் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். நாலைந்து நாள் அப்படியே போனது. பிறகு ஒரு காலையில் வீட்டுக்காரரிடம் போய், இந்த மாதக் கடைசியில் காலி செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். தூரத்துச் சிற்றூரில் அவர் அண்ணன் இருந்தார். அங்கே போய்விடுவதாம்.

"ஊரப் பாத்து முடிச்சாச்சு. இனிமே இங்க எனக்கு என்ன இருக்கு?" என்றார், வீட்டுக்காரரிடம் சொன்னது போலவே மனைவியிடமும்.

அந்த அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. அக்காள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து மத்தியானம் ஆனால் அங்கே போய்விடுவார். அக்காள் மிஷின் மிதிப்பார், தங்கை திரைச்சீலைக்கு வளையம் தைப்பார். பேசுவதற்கு விஷயம் இல்லாத நாளில் பேசாமலே உட்கார்ந்திருப்பார்கள். உடன்பிறந்தவள் ஒருத்தி போதும் என்று கடவுள் அவர்களுக்கு வேறு யாரையும் தரவில்லை. அன்றைக்குத் தங்கை வளையத்தை மடியில் போட்டுக்கொண்டு அழுதார். அக்காள் மிஷினை நிறுத்திவிட்டுக் கணவரைப் பார்த்தார்.

"நீங்க போய் அவருக்கு நாலு வார்த்தை சொல்லுங்களேன்."

"நாலு வார்த்தை சொல்லத் தெரிஞ்சவனா இருந்தா நான் ஏன் ஜன்னல் ஜன்னலா ஏறி இறங்கறேன்?" என்றார் அளவுக்காரர்.

இருந்தாலும் மறுநாள் போனார். புத்தி எதுவும் சொல்லவில்லை. "சகலை, டேப்போட மறுமுனையப் பிடிக்க ஆள் இல்ல. இருந்தவரு வேற வேலைக்குப் போயிட்டாரு. நீங்க ஊருக்குக் கிளம்பற வரைக்கும் கூட வாங்களேன்," என்று மட்டும் கேட்டார்.

"எனக்குப் பக்கத்துல வர்றது தெரியாது சகலை."

"டேப்பு நேரா தானே இருக்கு?"

டிரைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெகுநாள் கழித்து வந்த சிரிப்பு. உள்ளேயிருந்து அதைக் கேட்ட அவர் மனைவி, சுவரில் இருந்த சாமி படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பஸ்ஸில் போனார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிரைவரின் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. "நீங்க மிதிச்சா அது நிக்காது சகலை. அந்தாளு மிதிச்சாத்தான் நிக்கும்," என்றார் அளவுக்காரர். முன் இருக்கையில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டார்.

வேலையில் டிரைவர் முதலில் கற்றது ஒரு கழித்தல். அளவுக்காரரின் துணி டேப் பழையது. நுனி பிய்ந்துபோனதால் முதல் அங்குலத்தை வெட்டிப் போட்டிருந்தார். டேப் ஒன்றிலிருந்துதான் தொடங்கும். ஆகவே படிக்கிற எண்ணில் ஒன்றைக் கழித்துச் சொல்ல வேண்டும். "அறுபத்தி ஒன்னு தெரிஞ்சா அறுபதுன்னு சொல்லணும். வாய் தானா கழிக்கணும், மூளைய தொந்தரவு பண்ணக்கூடாது" என்பார். இரண்டே நாளில் டிரைவரின் வாய் பழகிவிட்டது.

கண்தான் பழகவில்லை. அவர் ஓட்டித் திரிந்த ஊர் இது இல்லை. ஒரு வீட்டு ஜன்னல் எதிர்வீட்டு ஜன்னலுக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தது. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே செய்தித்தாள்தான் வாங்கினார்கள். இங்கே படித்த பக்கத்தை நீட்டினால் அங்கே வாங்கிக்கொள்வார்கள். "சண்டை வந்தா?" என்று கேட்டார் டிரைவர். "அன்னைக்கு மட்டும் பேப்பர் மாடிப்படி எறங்கித் தெருவச் சுத்திப் போகும். ஆனா போயிரும்," என்றார் அந்த வீட்டுக்காரர்.

ரயில் பாலத்துக்குப் பக்கத்து வீட்டில், வண்டிச் சத்தம் கேட்பதற்கு முன்னாலேயே தம்ளரில் தண்ணீர் நடுங்கியது. இன்னொரு வீட்டில் குளியலறை ஜன்னலுக்குத் திரை கேட்டார்கள். உள்ளங்கை அகல ஜன்னல். ஸ்டூலில் ஏறி அளந்தவர் எட்டிப் பார்த்தால் விளையாட்டு மைதானம் முழுசாகத் தெரிகிறது. ஆட்டம் நடக்கிற நாளில் வீட்டில் ஆளாளுக்கு முறை வைத்து ஸ்டூலில் ஏறுவார்களாம். குளிக்கிறவர் பாடு திண்டாட்டம்தான்.

"இதெல்லாம் எனக்குத் தெரியாதே சகலை," என்றார் டிரைவர் ஒருநாள்.

"எப்படித் தெரியும்? வண்டி இந்தப் பக்கம் நுழையாது."

ஆனாலும் அவர் மனசு மாறவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அட்டைப் பெட்டிகளில் பாத்திரத்தைக் கட்டினார். மனைவி கட்டினதைப் பிரிக்கவும் இல்லை, கூடக் கட்டவும் இல்லை. மாதம் தேய்ந்துகொண்டு வந்தது.

அந்த வாரம் அளவுக்காரர் புது டேப் வாங்கியிருந்தார். அன்றைக்குப் போன வீடு மணிக்கூண்டுக்குப் பின்புறத்துச் சந்தில், மூன்றாவது மாடியில். அளவுக்காரர் வழக்கம்போலக் கடவுளிடம் சொல்லிவிட்டு மணியை அழுத்தினார். அந்த வீட்டு அம்மா சமையலறையில் கை வேலையாக இருந்தவர், ஈரக் கையோடு வந்து திறந்தார். டிரைவருக்கு இடம் பிடிபட்டதும் பழைய தெம்பு வந்துவிட்டது.

"மணிக்கூண்டு பக்கத்துலயே வீடு. குடுத்து வச்சவங்கம்மா. நாலு பக்கமும் ஒரே நேரம் காட்டும், ஒரு நொடி பிசகாது."

அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு அவரை ஒரு மாதிரி பார்த்தார். "எந்த மணிக்கூண்டச் சொல்றீங்க? இங்க வந்து பாருங்க" என்று சமையலறை ஜன்னலுக்குக் கூட்டிப் போனார்.

ஜன்னல் நிறைய மணிக்கூண்டின் நாலாவது முகம் நின்றது. வட்டம் இருந்தது, எண்கள் இருந்தன. முள் இல்லை. நடுவில் முள் பூட்டுகிற இடத்தில் ஒரு துளை. அந்தத் துளைக்குள் வைக்கோல் துணுக்கு தெரிந்தது. டிரைவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சின்னக் குருவி உள்ளே போனது.

"நான் இந்த வீட்டுக்கு வாழ வந்த நாள்லேருந்தே இப்படித்தான். இந்தப் பக்கம் யாரு பாக்கப் போறாங்கன்னு முள் போடாமலே விட்டுட்டாங்கன்னு சொல்வாங்க. நாங்க ஊமைக் கடிகாரம்னு சொல்லுவோம்."

"அப்ப உங்களுக்கு நேரம் எப்படித் தெரியும்?"

"கையில போன் இருக்கே," என்றார் அந்த அம்மா.

அளவுக்காரர் சிரித்துக்கொண்டே டேப்பின் முனையை நீட்டினார். டிரைவர் வாங்கிக்கொண்டார். அந்த வீட்டில் இருந்த ஜன்னல் எல்லாவற்றுக்கும் எண்ணைப் படித்துச் சொன்னார். ஆனால் அவர் நினைப்பெல்லாம் அந்தத் துளையில் இருந்தது. எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பார். ஒரு தடவையாவது வண்டியை விட்டு இறங்கி, பின்னால் போய்ப் பார்த்ததுண்டா?

தைத்து எடுத்துக்கொண்டு போய் மாட்டியபோது விஷயம் தெரிந்தது. எல்லா ஜன்னலிலும் திரை ஒரு அங்குலம் குட்டை. கீழே கோடு போட்ட மாதிரி வெளிச்சம் வந்தது. முழு டேப்பை வைத்துக்கொண்டு டிரைவரின் வாய் பழக்கத்தில் ஒன்றைக் கழித்துத் தள்ளியிருந்தது.

"அளவுத் தப்பு எங்களுதும்மா. புது டேப்புன்னு நான் ஞாபகப்படுத்தல. கீழ துணிப் பட்டி வச்சுத் தச்சுக் கொண்டாரோம்," என்றார் அளவுக்காரர், டிரைவரின் பக்கம் திரும்பாமலே.

வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "வெட்டும்போதே நினைச்சேன், இந்த ஊர்ல ஜன்னலெல்லாம் எப்ப குட்டையாச்சுன்னு," என்றார். வளையம் தைத்துக்கொண்டிருந்த தங்கைக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. கணவரின் முகத்தைப் பார்த்தார். அது சுண்டிப்போயிருந்தது.

"கண்ணு போச்சு, இப்ப கணக்கும் போச்சு. நாளைக்கே கிளம்பறது நல்லது," என்றார் டிரைவர்.

அளவுக்காரர் டீயை ஆற்றிக் குடித்து முடித்தார். பிறகு, "கிளம்புங்க சகலை. ஆனா கழிச்சது நீங்க. கொண்டுபோய் மாட்டறதும் நீங்கதான். நான் வரல," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபம் அவருக்கு வராது.

பட்டி வைத்த திரைகளைச் சுமந்துகொண்டு டிரைவர் தனியாகப் போனார். மணிக்கூண்டின் முன்னால் இறங்கினார். அவர் வழக்கமாக நிறுத்துகிற இடத்தில் அதே ஹோட்டல் வேன் நின்றிருந்தது. புது டிரைவர் விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நாலும் ஒரே நேரம் காட்டும், ஒரு நொடி பிசகாது." தன்னோடு ஒரு வாரம் கூட வந்து கற்றுக்கொண்ட பேச்சு. டிரைவருக்குக் காது சுட்டது. போய்ச் சொல்லலாமா என்று ஒரு அடி வைத்தார். சொல்ல என்ன யோக்கியதை என்று நினைத்துச் சந்துக்குள் திரும்பினார்.

திரும்பிய சந்து வேறு சந்து. போன தடவைகளில் சகலையின் பின்னாலேயே நடந்ததால் வழியைக் கவனிக்கவில்லை. ஒரு ரொட்டிக்கூடத்தின் பின்கதவுக்கு வந்துவிட்டார். தட்டுத் தட்டாக ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. அதன் சூட்டுக்கு இரண்டு பூனைகள் சுவரோரம் படுத்திருந்தன. அங்கிருந்து ஒரு படிக்கட்டு மேலே போனது. ஏறினால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இரும்புப் பாலம். பாலத்தில் ஒருவர் முக்காலி போட்டு உட்கார்ந்து முடி வெட்டிக்கொண்டிருந்தார், வெட்டுகிறவர் அவருடைய மனைவி. "அண்ணே, இதுவா வழி?" என்று கேட்டால், "இதுவும் வழிதான்," என்றார் அந்தம்மா, கத்தரிக்கோலை நிறுத்தாமல். அந்தப் பக்கம் இறங்கினால் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்சுவர். உள்ளே பிள்ளைகள் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பத் தப்பாகப் பாடினார்கள். டிரைவர் சுமையை இறக்கி வைத்துவிட்டு, அவர்கள் சரியாகப் பாடும் வரை நின்றார். சரியாகப் பாடியதும் தன்னை அறியாமல் தலையாட்டினார். பக்கத்தில் வருவது தெரியாது என்பதால் நின்று, முழுசாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். வண்டியில் இருந்த காலத்தில் அப்படித் திரும்பியதே இல்லை.

சுற்றிச் சுற்றி அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது சட்டை நனைந்திருந்தது.

"வழி தெரியலையா?" என்றார் அந்த அம்மா.

"இந்த ஊர்ல வழி காட்டித்தாம்மா பொழச்சேன்," என்றார் டிரைவர். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். திரையை மாட்டினார். அளவு கச்சிதமாக இருந்தது. சமையலறைத் திரையை மட்டும் அந்த அம்மா ஓரமாக ஒதுக்கி வைக்கச் சொன்னார். "குருவி முட்டை வச்சிருக்கு. நான் பாக்கலேன்னா யாரு பாப்பா?"

அன்று சாயங்காலம் டிரைவர் நேரே வீட்டுக்காரரிடம் போனார். டிரைவரின் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"காலி பண்ணல."

"ஏன்? ஊரப் பாத்து முடிச்சாச்சுன்னீங்களே."

"இல்ல. இன்னும் பின்பக்கம் பாக்கல."

வீட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிய வேண்டியவருக்குப் புரிந்தது. தங்கை செருப்பைக்கூட மாட்டாமல் இரண்டு தெருவையும் ஒரே மூச்சில் கடந்து அக்காள் வீட்டுக்குப் போனார். போய் என்ன சொன்னார் என்று தெரியாது. மிஷின் சத்தம் மட்டும் அன்றைக்கு வெகுநேரம் நின்றிருந்தது.

அதற்கப்புறம் சகலைகள் இருவரும் பல வருஷம் ஒன்றாகவே வேலைக்குப் போனார்கள். ஓய்வு நாளில் நாலு பேரும் பஸ் ஏறி, பேர் தெரியாத நிறுத்தத்தில் இறங்கி நடப்பார்கள். இறங்குகிற இடத்தைச் சகோதரிகள்தான் முடிவு செய்வார்கள். "உங்க ரெண்டு பேரையும் நம்பினா ஒன்னு கோட்டைக்குக் கூட்டிட்டுப் போவீங்க, இல்ல யார் வீட்டுக் குளியலறைக்காவது கூட்டிட்டுப் போவீங்க," என்பார் அக்காள். ஹோட்டலின் புது டிரைவரும் விஷயம் கேள்விப்பட்டு ஒருநாள் வந்து கேட்டதன் பேரில், பழையவர் அவரைக் கையைப் பிடித்து மணிக்கூண்டுக்குப் பின்னால் கூட்டிப் போனார். இப்போது வேனில் வேறு மாதிரி சொல்கிறார்களாம்: "மூணு முகம் நேரம் காட்டும். நாலாவதுல குருவி குடியிருக்கு."

அளவுக்காரர் போன வருஷம் தூக்கத்திலேயே போய்விட்டார். நோவு இல்லை, நொடி இல்லை. நல்லவர்களுக்குக் கடவுள் கதவை மெதுவாகத்தான் திறக்கிறார். டிரைவர் இப்போதும் அந்தப் புது டேப்பை வைத்துக்கொண்டு போகிறார். அதுவும் பழசாகி நுனி பிய்ந்துவிட்டது. வெட்ட மனசு வரவில்லை. மறுமுனையைப் பிடிக்க அவர் மனைவி போகிறார். வீட்டுக்குள் நுழையும் முன் சகலை சொன்னதை இவர் சொல்கிறார், அப்புறம்தான் மணியை அழுத்துகிறார்.

சகலைகள் இருவரும் கடைசியாகப் பிரிந்தது பஸ் நிறுத்தத்தில்தான். வேலை முடிந்து நின்றபோது வீட்டுக்குப் போகிற பஸ் வந்துவிட்டது. அளவுக்காரர் காய்கறி வாங்க வேண்டும் என்று நின்றுகொண்டார். படியில் ஏறிய டிரைவரின் கையில் மறுநாள் விலாசத்தைத் திணித்துவிட்டு, ஜன்னல் வழியாக எட்டிச் சொன்னார்:

"நாளைக்கு மேற்குப் பாத்த வீடு சகலை, உச்சி மாடி. அந்தப் பக்கம் நானே போனதில்ல. எனக்கு முன்னாடி போய்ச் சேந்துட்டீங்கன்னா ஜன்னலத் தொறந்துராதீங்க. நான் வந்துடறேன், சேந்தே பாக்கலாம்."